ஏழுமலையான் பேர்

"உங்க வீட்டுக்காரர் பேரு என்னம்மா?"

கேட்டதுதான் தாமதம், பாஞ்சாலி சேலைத் தலைப்பை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். இடது காதுக்கு மேலே எலுமிச்சம்பழம் அளவுக்கு வீக்கம், முழங்கையெல்லாம் சிராய்ப்பு, தலைமுடியில் இன்னும் சுண்ணாம்புத் தூள். அல்சூர்ப் பக்கம் கட்டிக்கொண்டிருந்த ஒரு மாடிக் கட்டடத்தின் சாரத்திலிருந்து கலவைச் சட்டியோடு விழுந்து மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை. விழுந்த இடத்தில் கொஞ்ச நேரம் நினைவு தப்பிக் கிடந்தாளாம். ஜட்கா வண்டியில் ஏற்றிக்கொண்டு வரும்போதே எழுந்து உட்கார்ந்து, சட்டி என்ன ஆச்சு, மேஸ்திரி திட்டுவானே என்று விசாரித்திருக்கிறாள். அப்படிப்பட்ட கெட்டிக்காரிக்கு இந்த ஒரு கேள்விக்கு வந்த வெட்கத்தைப் பார்க்கணுமே!

"அய்ய, என்னா சிஸ்டரம்மா நீ, அதப் போயி கேக்குற?"

"நானா கேக்குறேன்? இந்தச் சீட்டு கேக்குது. சொல்லும்மா."

பாஞ்சாலி கண்ணை மட்டும் உருட்டி எதிர்ச் சுவரைக் காட்டினாள். அங்கே ஆயா லட்சுமம்மா மாட்டிவைத்திருந்த ஜவுளிக்கடைக் காலண்டரில் திருப்பதிப் பெருமாள் பட்டை நாமத்தோடு நின்றுகொண்டிருந்தார். "தோ, அவரு பேருதான். ஏழுமலையான் பேரு."

"கோவிந்தனா?"

"ஊஹூம்."

"சீனிவாசன்?"

"அது இல்ல, இன்னொன்னு இருக்குதே..."

"வெங்கடசாமியா?"

தலைப்புக்குள்ளே சிரிப்பு. அக்கம்பக்கத்துக் கட்டில்காரிகள் தங்கள் வலியை மறந்து சிரித்தார்கள். பிரிஜெட் சிஸ்டருக்கும் சிரிப்புத்தான். ஆனால் கையில் இருந்தது விளையாட்டுச் சீட்டு இல்லை. நாலாவது கட்டத்தில், 'தெரியும். வாயால் சொல்லமாட்டார்' என்று இங்கிலீஷில் எழுதி, பக்கத்தில் மணியைப் போட்டுக் கையெழுத்திட்டாள். மணி பன்னிரண்டு.

அந்தச் சீட்டுக்கு ஒரு கதை உண்டு. பிரிஜெட் நர்ஸ் வேலைக்கு வந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது. வெள்ளைக்காரன் காலத்தில் சேர்ந்தவள். இப்போது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டு. லிங்கராஜபுரத்திலிருந்து பஸ் பிடித்து ஏழு மணிக்கெல்லாம் வார்டில் நிற்பாள். ஊசி போடுவதில், கட்டுக் கட்டுவதில், முரண்டு பிடிக்கிற நோயாளியை வழிக்குக் கொண்டுவருவதில் அவளை அடித்துக்கொள்ள அந்த ஆஸ்பத்திரியில் ஆள் கிடையாது. ஆனால் போன வருஷம் முனிராஜ் என்று ஒரு ஜட்கா வண்டிக்காரன் வந்தான். குதிரை உதைத்துத் தலையில் அடி. மாலைவரைக்கும் பேசிக்கொண்டிருந்தான், அப்புறம் கண்ணயர்ந்துவிட்டான். நல்ல குறட்டை. பிரிஜெட் வார்டுப் புத்தகத்தில் 'நன்றாகத் தூங்குகிறார்' என்று எழுதிவிட்டு, அவன் தூக்கம் கலையக்கூடாதே என்று பக்கத்துக் கட்டில்காரனை அதட்டிக்கூட வைத்தாள். அந்தத் தூக்கத்திலிருந்து முனிராஜ் எழுந்திருக்கவே இல்லை.

யாரும் அவளைக் குறை சொல்லவில்லை. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. தலையில் அடிபட்டவன் குறட்டை விட்டால் அது தூக்கமில்லை என்று அவளுக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை. ஆகையால் குற்றமும் இல்லையாம். நல்ல நியாயம்! பத்து நாள் கழித்து, அந்த வருஷம்தான் வேலைக்கு வந்திருந்த சர்ஜன் தியோடரின் அறைக்குப் போய் நின்றாள். அவர் அவளைவிட ஏழெட்டு வயது இளையவர். "சார், தலைக்காயக்காரங்கள எங்ககிட்ட விட்டுட்டுப் போறீங்க. எதப் பாக்கணும்னு சொல்லிட்டுப் போங்க. இல்லன்னா பாத்துக்கிட்டே சாக விடுவோம்," என்றாள். அடுத்த சனிக்கிழமை டிபன் ரூமில் ஒரு கரும்பலகை வந்தது.

நாலு சனிக்கிழமை. கண்பாவையில் டார்ச் அடித்துப் பார்ப்பது, இரண்டு கையையும் ஒரே சமயத்தில் பிடிக்கச் சொல்லி எந்தப் பிடி தளர்கிறது என்று பார்ப்பது, நாடி மெல்ல மெல்ல இறங்குகிறதா என்று பார்ப்பது, மணிக்கு ஒருதரம் அதே நாலு கேள்வியைக் கேட்பது. உன் பேர் என்ன, இது எந்த இடம், இன்றைக்கு என்ன கிழமை, வீட்டுக்காரர் பேர் அல்லது தகப்பன் பேர் என்ன. மற்ற நர்ஸுகள் 'டார்ச் கிளாஸ்' என்று கிண்டலடித்தார்கள். மேட்ரனுக்கு ஒரே எரிச்சல். டாக்டர் வேலையை டாக்டர் பார்க்கட்டுமே என்றாள். பிரிஜெட் மட்டும் வீட்டில் தன் புருஷன் கண்ணில் டார்ச் அடித்துப் பழகினாள். அந்த மனுஷனும் பாவம், பொறுத்துக்கொண்டார்.

கடைசி வகுப்பில் தியோடர் ஒன்று சொன்னார். "சீட்டுல இருக்கிற பதில் சரியா தப்பான்னு மட்டும் பாக்காதீங்க. போன மணிக்கு இருந்த ஆளும் இந்த மணிக்கு இருக்கிற ஆளும் ஒரே ஆளான்னு பாருங்க." பிரிஜெட் அதை நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டு வைத்திருந்தாள். சத்தியமாகச் சொன்னால் அன்றைக்கு அதன் அர்த்தம் அவளுக்குப் பாதிதான் புரிந்தது.

பாஞ்சாலியைத் தியோடர் காலையிலேயே பார்த்துவிட்டார். எக்ஸ்ரேயில் மண்டை ஓட்டில் மயிரிழை போல ஒரு கீறல். இப்போதைக்குப் பயமில்லை, ஆனால் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். நாலரை மணி ரயிலுக்கு அவர் மைசூர் போகவேண்டியிருந்தது. மறுநாள் சாயந்திரம்தான் திரும்புவார். மண்டையைத் திறக்கத் தெரிந்தவர் அந்த ஆஸ்பத்திரியில் அவர் ஒருத்தர்தான்.

ஒரு மணிக்கு வெங்கடசாமி வந்தான். கன்டோன்மென்ட்டில் ஒரு பேக்கரியில் அடுப்படி வேலை. மாவு ஒட்டிய சட்டையோடு ஓடிவந்து, பெண்கள் வார்டுக்குள்ளே விடமாட்டார்கள் என்பதால் வராந்தாவில் ஜன்னல் ஓரமாக நின்றான். அவன் மேலிருந்து வந்த ரொட்டி வாசனை டெட்டால் வாசனையையும் மீறிக்கொண்டு உள்ளே வந்தது. ஒரு மணிக்கும் இரண்டு மணிக்கும் பிரிஜெட் அதே கேள்வியைக் கேட்டாள். "தோ நிக்குறாரே, அவரத்தான் கேளேன்!" என்று பாஞ்சாலி ஜன்னலைக் காட்டினாள். வார்டே இதற்காகக் காத்திருக்க ஆரம்பித்துவிட்டது. நாலாவது கட்டத்தில் அதே வாக்கியம் மூன்று தரம் ஏறியது. பிரிஜெட்டுக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துப்போயிற்று. அவளும் கல்யாணமாகிப் பதினெட்டு வருஷமாக 'என்னங்க'தான். மாதா கோயில் கல்யாண ரிஜிஸ்டரில் எழுதியதோடு சரி, புருஷன் பேர் அவள் வாயிலும் வந்ததில்லை.

மூன்று மணிக்கு அவள் கோடி அறையில் ஒரு தீக்காயக்காரிக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தாள். அதனால் மூன்று மணிக் கேள்விகளை ஸ்ரீகண்டன் கேட்டான். படிப்பு முடித்து அப்போதுதான் வந்திருந்த சின்ன டாக்டர், மைசூர்க்காரன், வீட்டில் கன்னடம், தமிழ் அரைகுறை. தங்கமான பையன், அதில் சந்தேகமே வேண்டாம். நோயாளிக்கு ஒரு நல்லது நடந்தால் தனக்கே நடந்த மாதிரி குதிப்பான். அன்றைக்கும் அப்படித்தான் குதித்துக்கொண்டு வந்தான்.

"சிஸ்டர், நோடி, பாருங்க! ஃபுல் இம்ப்ரூவ்மெண்ட். பன்னெண்டு மணில இருந்து அந்தம்மா நாலாவது கேள்விக்கு பதில் சொல்லல்லே, இப்போ சொல்றாங்க. க்ளியரா சொல்றாங்க. வெங்கடசாமி! ஒரு தடவ கேட்டேன், மூணு தடவ சொன்னாங்க. இனிமே மணிக்கு மணி பாக்கத் தேவையில்ல. சாருக்கும் சொல்லிடறேன், நிம்மதியா ஊருக்குப் போகட்டும்."

பிரிஜெட்டின் கையிலிருந்த பஞ்சு அப்படியே நின்றது.

"பேரச் சொன்னாங்களா? வாயத் தொறந்தா?"

"ஹௌது, சத்தமாவே!"

அவள் வார்டுக்குள் வந்தபோது பாஞ்சாலி கண் திறந்துதான் இருந்தாள். தலைப்பு நழுவித் தரையில் கிடந்தது; அவள் அதை எடுக்கவில்லை. "வெங்கடசாமி," என்றாள் ஜன்னலைப் பார்த்து, கடைப் பையனைக் கூப்பிடுகிற மாதிரி. "ஏய் வெங்கடசாமி. தண்ணி எடுத்தா." ஒருத்தரும் சிரிக்கவில்லை. பிரிஜெட் ஜன்னலைப் பார்த்தாள். வெங்கடசாமி இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான், முகத்தில் ரத்தமே இல்லை.

"சிஸ்டரம்மா," என்றான். "கண்ணாலமாயி பதினோரு வருசம். ஒரு நாளு, ஒரு சண்டையிலகூட அவ எம் பேரச் சொன்னதில்ல. இது அவ இல்லீங்க."

போன மணிக்கு இருந்த ஆளும் இந்த மணிக்கு இருக்கிற ஆளும். பிரிஜெட் கட்டிலின் தலைமாட்டுக்கு வந்தாள். டார்ச்சை எடுத்தாள். வலது கண்பாவை சுருங்கியது, இடதும் சுருங்கியது. இரண்டும் சமம். கையைப் பிடிக்கச் சொன்னாள். இரண்டு பிடியும் சமம். நாடி எழுபத்தாறு. பன்னிரண்டு மணிக்கு எண்பத்தாறு இருந்தது. படுத்து ஓய்வெடுத்தால் யாருக்கும்தான் பத்து இறங்கும். சீட்டின்படி பார்த்தால் ஸ்ரீகண்டன் சொன்னதுதான் சரி. எதைக் கொண்டுபோய் ஒரு சர்ஜனை ரயிலைத் தவற விடச் சொல்வது? ஒரு பொம்பளை புருஷன் பேரைச் சொல்லிவிட்டாள் என்றா? பத்தொன்பது வருஷ மரியாதை ஒரு நாளில் காற்றில் போகும். டாக்டர் எழுதியதற்கு எதிராக நர்ஸ் பேசினாள் என்று மேட்ரன் காகிதம் எழுதுவாள்.

ஆனால் முனிராஜின் குறட்டை அவள் காதிலேயே இருந்தது. அவள் சீட்டை எடுத்துக்கொண்டு ஓடினாள். நர்ஸ் ஓடக்கூடாது என்பது அந்த ஆஸ்பத்திரியின் முதல் சட்டம். நாற்பத்தொரு வயதில், கஞ்சி போட்ட உடுப்போடு, தொப்பி ஒரு பக்கம் தொங்க மாடிப்படியில் இறங்கி ஓடிய பிரிஜெட்டைப் பார்த்து மருந்துக் கவுண்டர் வரிசையே வாயைப் பிளந்தது.

போர்ட்டிகோவில் கார் உறுமிக்கொண்டிருந்தது. தியோடர் பெட்டியை உள்ளே வைத்துவிட்டு ஒரு காலையும் வைத்திருந்தார்.

"சார்! அந்தம்மா... பாஞ்சாலி... புருஷன் பேரச் சொல்லிட்டாங்க சார்."

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு பைத்தியக்காரத்தனமாகக் கேட்கிறது என்று அவளுக்கே தெரிந்தது. டிரைவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தான். தியோடர் சிரிக்கவில்லை.

"கண்ணு?"

"ரெண்டும் சமம் சார். பிடியும் சமம். நாடி எழுபத்தாறு. அதுல ஒண்ணும் சொல்ல முடியாது. ஆனா பன்னெண்டு மணில இருந்து மூணு தரம் கேட்டேன், வாயப் பொத்திக்கிட்டு காலண்டரக் காட்டினாங்க. இப்ப கூசாம பேரச் சொல்லி ஏவுறாங்க. அவங்க புருஷனே பயந்துட்டாரு. அது அவங்க இல்ல சார்."

ஒரு கணம் அவர் அவளையே பார்த்தார். "எங்கம்மாவும் எங்கப்பா பேர..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. பெட்டியை வெளியே எடுத்து டிரைவர் கையில் கொடுத்துவிட்டு, இரண்டிரண்டு படியாக மேலே ஏறினார். அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே பின்னால் ஏறிய பிரிஜெட்டுக்கு ஏசுவே என்று கும்பிடவேண்டும்போல இருந்தது. கேட்டாரே! ஒரு நர்ஸ் சொன்னதை முழுசாக நின்று கேட்டாரே!

அவர்கள் போய்ச் சேரும்போது பாஞ்சாலிக்குக் கண் சொருக ஆரம்பித்திருந்தது. "கையப் பிடிம்மா." இடது கை பிடித்தது. வலது கை பிடிப்பதுபோல மடங்கி, அப்படியே நழுவியது. டார்ச் அடித்தார். இடது கண்பாவை சோம்பேறித்தனமாக, வேண்டாவெறுப்பாகச் சுருங்கியது. "தியேட்டர ரெடி பண்ணச் சொல்லுங்க," என்றார் தியோடர். மணி மூன்று நாற்பது.

ஆபரேஷன் ஒன்றரை மணி நேரம் நடந்தது; அதற்கு முன்பே பிரிஜெட்டின் ஷிஃப்ட் முடிந்துவிட்டது. அவள் பஸ்ஸுக்குப் போகவில்லை. தியேட்டர் வாசல் பெஞ்சில் வெங்கடசாமியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரே ஒரு தரம் அவன், "பேரச் சொல்லேன், சொல்லேன்னு நானே எத்தினி வாட்டி அவள சீண்டியிருக்கேன் தெரியுமா," என்றான். அப்புறம் முகத்தை மூடிக்கொண்டான். எல்லாம் சரியாகிவிடும் என்று பிரிஜெட் வாக்குக் கொடுக்கவில்லை. ஜெபமாலையை உடுப்புப் பைக்குள்ளேயே உருட்டிக்கொண்டிருந்தாள்.

தியோடர் வெளியே வந்து முகமூடியை இறக்கினார். மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் நடுவே உறைந்த ரத்தம், கைப்பிடி அளவு, எடுத்தாயிற்று. "இன்னும் ஒரு மணி நேரம் விட்டிருந்தா நான் மைசூர் ரயில்ல இருந்திருப்பேன், இவங்க இருந்திருக்க மாட்டாங்க," என்றார். வெங்கடசாமி அவர் காலில் விழப்போனான். அவர் பின்வாங்கி, பிரிஜெட்டின் பக்கம் கையைக் காட்டினார். அவள் பதறிப்போய் பெஞ்சுக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள்.

மறுநாள் காலை ஸ்ரீகண்டன் அவளைத் தேடிவந்தான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "சிஸ்டர், எங்க மனேல எங்க அம்மாவும் அப்பா பேர் சொல்லமாட்டாங்க. ரேஷன் ஆபீஸ்ல கேட்டாக்கூட என்னைத்தான் சொல்லச் சொல்வாங்க. அது எனக்குத் தெரியும். வார்டுக்குள்ள வந்ததும் எப்படி மறந்தேன்? நீங்க ஓடலேன்னா..." அவளுக்கு அவனைத் தேற்றத் தெரியவில்லை. தெரிந்ததைச் சொன்னாள். முனிராஜ் என்று ஒருத்தர் இருந்தார் என்று ஆரம்பித்து, 'நன்றாகத் தூங்குகிறார்' என்று எழுதியதுவரை முழுசாகச் சொன்னாள். அதற்கு முன்பு அவள் யாரிடமும் அதைச் சொன்னதில்லை.

ஆனால் பாஞ்சாலி உடனே எழுந்து உட்கார்ந்துவிடவில்லை. இரண்டு நாள் கண்ணைத் திறந்தாளே தவிரப் பேச்சில்லை. மூன்றாம் நாள் தண்ணி கேட்டாள். வலது கை கட்டையாகக் கிடந்தது. நாலாம் நாள் பிரிஜெட் பயந்து பயந்து அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"வெங்கடசாமி," என்றாள் பாஞ்சாலி, தயக்கமே இல்லாமல்.

சரியான பதில். பிரிஜெட் சீட்டில் 'சரி' என்று எழுதிவிட்டு, லினன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். ஆறாம் நாளும் அதே பதில். உயிர் திரும்பிவிட்டது, ஆள் திரும்பவில்லையோ? வெங்கடசாமி தினமும் மத்தியானம் செய்தித்தாளில் சுற்றிய சூடான ரொட்டியோடு வருவான். வார்டு முழுக்கப் பங்கு போகும். "நல்லா ஆயிடுவாளா?" என்று கேட்கமாட்டான், "இன்னைக்கும் சொன்னாளா?" என்று கேட்பான். சொன்னாள் என்று பிரிஜெட் தலையாட்டினால் அவன் முகம் தொங்கிப்போகும். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் அவள் இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றினாள். ஒன்று பாஞ்சாலிக்கு. இன்னொன்று முனிராஜுக்கு, அவன் இல்லையென்றால் அந்தச் சனிக்கிழமைகள் இல்லை, அந்தச் சீட்டு இல்லை. நன்றி சொல்ல அவளுக்கு வேறு வழி தெரியவில்லை.

அந்த வாரம் தியோடர் வார்டுக்கு வந்து, அடுத்த மாதம் புது நர்ஸுகளுக்கு வகுப்பு ஆரம்பிக்கிறது என்றார். "முதல் கிளாஸ் நீங்க எடுங்க சிஸ்டர். நானும் ஸ்ரீகண்டனும் கடைசி பெஞ்சுல உக்காந்து கேக்குறோம்." இங்கிலீஷில் பேச வராது சார் என்று அவள் மழுப்பினாள். "யாரு இங்கிலீஷ் கேட்டா?" என்றார் அவர்.

பத்தாம் நாள். வார்டுக்கு வெள்ளையடிக்க வந்தவர்கள் சுவரிலிருந்ததையெல்லாம் கழற்றிக் கூடத்தில் அடுக்கியிருந்தார்கள். பாஞ்சாலி தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மழித்த தலையில் நெற்றிவரை இறங்கிய வெள்ளைக் கட்டு. மத்தியானம் பன்னிரண்டு மணி. ஜன்னலுக்கு வெளியே ரொட்டி வாசனை வந்துவிட்டது.

"உன் பேரு என்னம்மா?"

"பாஞ்சாலி."

"இது எந்த இடம்?"

"ஆசுபத்திரி. வேற எங்க இப்படி நாறும்?"

பக்கத்துக் கட்டிலில் யாரோ களுக்கென்றார்கள். கிழமையும் சரியாகச் சொன்னாள்.

"உங்க வீட்டுக்காரர் பேரு?"

பாஞ்சாலி வாயைத் திறந்தாள். திறந்த வாய் அப்படியே நின்றது. கண் ஜன்னலுக்குப் போயிற்று. அங்கே நின்ற மாவுச் சட்டையைப் பார்த்துவிட்டுச் சட்டென்று திரும்பியது. இடது கை தலைப்பைத் தேடி எடுத்து வாய்மேல் வைத்துக்கொண்டது. "அய்ய," என்றாள். கண் எதிர்ச் சுவரைத் துழாவியது. சுவரில் ஆணி மட்டும் இருந்தது, பெருமாள் இல்லை. அவள் ஆணியையும் சிஸ்டரையும் மாறி மாறிப் பார்த்தாள், இப்படி மாட்டிவிட்டாயே என்பதுபோல.

பிரிஜெட் மூச்சு விடவில்லை. ஒரு எழுத்துகூட எடுத்துக்கொடுக்கவில்லை. ஜன்னல் கம்பிக்கு அப்பால் வெங்கடசாமியும் அசையவில்லை.

போர்வைமேல் கிடந்த வலது கை, பத்து நாளாகக் கட்டையாகக் கிடந்த அந்தக் கை, மெல்ல எழுந்தது. பாதியில் ஒரு தரம் விழுந்தது. மறுபடி எழுந்தது. ஆட்காட்டி விரலை நீட்டி, நெற்றிக் கட்டின் வெள்ளைத் துணிமேல், பாஞ்சாலி இந்தப் பக்கம் ஒரு கோடு இழுத்தாள், அந்தப் பக்கம் ஒரு கோடு இழுத்தாள். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு, நடுவிலே ஒரு கோடு.